பத்துக் கட்டங்கள்

ஓய்வு பெற இன்னும் பதினோரு நாள் இருந்தபோது, மத்திய விசாரணைத் துறையின் இணை இயக்குநர் தன் இரண்டு கைகளையும் ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் வைத்தார்.

முன்பெல்லாம் கைரேகை எடுக்க மைதான். ரப்பர் உருளையால் மையைத் தகட்டில் பரப்பி, ஆளின் விரலைப் பிடித்து, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருட்டி எடுக்க வேண்டும். அழுத்தினால் அப்பிக்கொள்ளும், தளர்த்தினால் பாதிதான் விழும். இப்போது அந்த வம்பே இல்லை. கண்ணாடிக்கு அடியில் ஒரு பச்சை வெளிச்சம் நகர்ந்து போகிறது. ரேகையின் மேடுகள் கண்ணாடியைத் தொடும், பள்ளங்கள் தொடாது. தொட்ட இடம் வெளிச்சத்தை ஒரு மாதிரித் திருப்பி அனுப்பும், தொடாத இடம் வேறு மாதிரி. அவ்வளவுதான் சூட்சுமம். விரல் மட்டுமல்ல, உள்ளங்கை, அதன் ஓரம், மணிக்கட்டு வரை எல்லாம் ஒரே மூச்சில் விழுந்துவிடும்.

"கையைத் தளர்த்துங்க சார். லஞ்சம் வாங்கி மாட்டின மாதிரி இப்படி இறுக்குறீங்களே" என்றார் ரேகைப் பிரிவின் தலைமை நிபுணர். இருபது வருடமாக அந்த அறையில் இருக்கும் அம்மாள். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைப் பூதக்கண்ணாடி என்பார்கள். அது அவருக்கும் தெரியும்.

"முப்பத்தஞ்சு வருஷமா ஊர்ல உள்ளவன் கையை எல்லாம் நான் புடிச்சேன். இன்னிக்கு என் கையைப் புடிக்க ஒரு ஆளு."

"உத்தரவுல கையெழுத்துப் போட்டது யாரு? நீங்கதானே. அனுபவிங்க."

உண்மைதான். போன வருடம் அந்த உத்தரவைக் கொண்டுவந்ததே அவர்தான். ஒரு குற்றம் நடந்த இடத்தில் குற்றவாளியின் ரேகை மட்டும் இருப்பதில்லை. அங்கே போகிற போலீஸ்காரர், மருத்துவர், புகைப்படக்காரர் எல்லோரும் எதையாவது தொட்டுத் தொலைப்பார்கள். அவர்களுடைய ரேகைகளை முதலில் கழித்துவிட்டால்தான் மீதி இருப்பது யாருடையது என்ற கேள்விக்கே பொருள் உண்டு. அதற்காகத்தான் விலக்குப் பட்டியல். ஓய்வு பெறுகிறவர்களின் முழுக் கையையும் அந்தப் பட்டியலில் ஏற்றி, துப்புத் துலங்காத பழைய ரேகைகள் அனைத்தோடும் கணினி ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. வீட்டைக் காலி செய்பவர் எதையாவது மறந்து விட்டுவிட்டுப் போகிறாரா என்று ஒரு தடவை சுற்றிப் பார்ப்பதில்லையா, அது போல.

மூன்றாம் நாள் காலையில் பூதக்கண்ணாடி அவருடைய அறைக்கு வந்தார். கையில் இரண்டு தாள்கள். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார். வழக்கமாக அவர் சாத்துவதில்லை.

"சார், ஒரு சின்ன வேலை. இது ரெண்டும் ஒரே கையான்னு பாத்துச் சொல்லுங்க. எந்த வழக்கு, யாருதுன்னு இப்ப கேக்காதீங்க."

அவருக்கு உற்சாகமாகிவிட்டது. பதவி உயர உயர, கோப்புகளில் கையெழுத்துப் போடுவதுதான் வேலை என்றாகிவிட்டிருந்தது. மேசை விளக்கை இழுத்து வைத்து, இழுப்பறையிலிருந்து பழைய உருப்பெருக்கியை எடுத்தார். ரேகை பார்ப்பது ஓவியம் பார்ப்பது போல அல்ல, ஒற்றையடிப் பாதையில் நடப்பது போல என்று பயிற்சியாளர்களுக்கு அவர் சொல்வதுண்டு. ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். எங்கே அது திடீரென முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது, எங்கே நடுவில் ஒரு சின்னத் தீவு வருகிறது என்று குறித்துக்கொண்டே போக வேண்டும். பிறகு அடுத்த தாளிலும் அதே பாதையில் நடக்க வேண்டும். வழியில் ஒரே ஒரு இடம் விளக்கமில்லாமல் மாறினாலும் அது வேறு ஆள்.

இரண்டுமே இடது உள்ளங்கையின் ஓரங்கள், சுண்டு விரலுக்குக் கீழே உள்ள சதைப்பகுதி. ஒன்று பளிச்சென்று இருந்தது. இன்னொன்று பொடி தூவி ஒட்டுநாடாவில் எடுத்த பழைய ரேகை, கொஞ்சம் இழுபட்டிருந்தது. முக்கால் மணி நேரம் நடந்தார். பத்து, பதினான்கு, பத்தொன்பது இடங்கள். ஓரத்தில் குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு, இரண்டிலும் ஒரே இடத்தில்.

"ஒரே கை" என்றார். "சந்தேகமே இல்லை. எங்க புடிச்சீங்க இந்த ஆளை?"

"பழசு, தபால் வேன் கதவு, சார்."

அவர் எழுந்தே விட்டார். "மூணாவது ஆள்! கெடச்சுட்டானா? யாரும்மா அவன்?"

பூதக்கண்ணாடி மேசை மேல் ஊன்றியிருந்த அவருடைய இடது கையைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தகர டப்பா கிழித்த தழும்பு அது.

*

மாநிலப் போலீஸ் எல்லைக்கோட்டோடு நின்றுவிடும். அவர் வேலை பார்த்த மத்திய விசாரணைத் துறைக்கு எல்லைக்கோடு கிடையாது. தபால் மத்திய அரசின் சொத்து என்பதால், இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் ஒரு தபால் வேனைக் கொள்ளையர்கள் மறித்தபோது வழக்கு இந்தத் துறைக்கு வந்தது. அவர் அப்போது துணை ஆய்வாளர். வயது முப்பத்திரண்டு. தற்செயலாக அந்தச் சாலையில் வந்துகொண்டிருந்ததால் முதலில் போய்ச் சேர்ந்ததும் அவர்தான்.

வேன் பள்ளத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சாய்வில் பின்கதவு தானாக மூடிக்கொண்டே வந்தது. உள்ளே காவலாளி குண்டடிபட்டுக் கிடந்தார், மூச்சு இருந்தது. துணை ஆய்வாளர் உள்ளே ஏறி, கதவு மூடிக்கொள்ளாமல் இடது கையின் ஓரத்தால் முட்டுக் கொடுத்து, காவலாளியைத் தோளில் தூக்கி இறக்கினார். மருத்துவமனைக்குப் போகும் வழியில் காவலாளி இறந்துவிட்டார்.

அன்று மாலையே அவருடைய ரேகைகளை விலக்குப் படிவத்தில் எடுத்தார்கள். படிவத்தில் பத்துக் கட்டங்கள். பத்து விரலுக்குப் பத்து. அடியில் எழுதினார்கள்: 'இவர் ரேகை ஒப்பிட்டு விலக்கப்பட்டது.' யாரும் பொய் எழுதவில்லை. பத்து விரலையும் ஒப்பிட்டார்கள், விலக்கினார்கள். கதவின் உட்புறத்தில், தாழ்ப்பாளுக்குச் சற்று மேலே, ஓர் உள்ளங்கை ஓரம் மட்டும் மிஞ்சியது. அது யாருடையது? "போலீஸ்காரங்களை எல்லாம் கழிச்சாச்சா?" என்று மேலதிகாரி கேட்டார். "கழிச்சாச்சு" என்றார்கள். உள்ளங்கைக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை என்பது எவருக்கும் தோன்றவில்லை. அவருக்கும்தான். தன் கை கதவில் பட்டது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் 'விலக்கப்பட்டது' என்று தாளில் இருந்ததே! தன் கையைவிடத் தாளை அவர் நம்பினார். அந்தத் துறையில் வளர்ந்தவர்கள் அப்படித்தான் நம்புவார்கள்.

ஒன்பது நாளில் கொள்ளையர்கள் இருவரையும் பிடித்துவிட்டார். நாங்கள் இரண்டு பேர்தான் என்று அவர்கள் சாதித்தார்கள். திருடன் கணக்கில் எப்போதும் ஒன்று குறையும் என்று துறையில் சொல்வார்கள், அதனால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்கதவுத் தாழ்ப்பாள் உள்ளே மட்டும்தான் இருந்தது. அது உடைக்கப்படவில்லை, திறக்கப்பட்டிருந்தது. வேன் ஓட்டுநர் சொன்னார்: "என் நெத்தியில துப்பாக்கிய வச்சாங்க. தெறக்காதேன்னு கத்தினேன். எனக்காகத்தான் அவன் தெறந்தான்." அரசு வழக்குரைஞர் சிரித்தார். காவலாளி எதற்குத் திறக்கிறார்? புறப்படும்போதே ஓட்டுநர் மூன்றாவது ஆளை உள்ளே ஏற்றியிருக்கிறார், அவன்தான் திறந்தான், இதோ அவன் கை. ஓட்டுநருக்கு ஆயுள் தண்டனை. துணை ஆய்வாளர் ஆய்வாளர் ஆனார்.

அதற்குப் பிறகு அவருடைய வாழ்க்கை முழுக்க ஏணிதான். ஆய்வாளர், கண்காணிப்பாளர், இணை இயக்குநர். ஒவ்வொரு படியிலும் அந்தக் கையைத் தேடிக்கொண்டேதான் ஏறினார். எத்தனை ஆயிரம் உள்ளங்கைகளை நிபுணர்களிடம் கொடுத்து ஒப்பிடச் செய்தார்! ஒவ்வொரு வருடமும் புதியவர்களுக்கு அந்த வழக்கைப் பாடமாக நடத்தினார். "மனுஷன் பொய் சொல்லுவான், பொருள் பொய் சொல்லாது" என்று முடிப்பார். பொருள் பொய் சொல்லவில்லைதான். கேள்வியைத்தான் தப்பாகக் கேட்டார்கள்.

பதினான்கு வருடம் முடிந்த கைதியை விடுவிக்கலாமா என்று முன்விடுதலைக் குழு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூடிப் பார்க்கும். விசாரித்த அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் போக வேண்டும். ஏழு முறை போனது. ஏழிலும் ஒரே வரி: 'மூன்றாவது நபரின் பெயரைச் சொல்ல மறுத்து இவர் இன்னும் குற்றத்தை மறைக்கிறார், விடுதலையை எதிர்க்கிறோம்.' ஏழையும் எழுதியது அவர்தான். எட்டாவது கடிதம் போக வேண்டிய நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. குழு அதற்கு மறுநாள் கூடுகிறது.

*

இயக்குநர் அவரைவிட எட்டு வயது இளையவர். ஒரு காலத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். அறையில் வேறு யாரும் இல்லாவிட்டால் இன்னும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, அவசரப்படாதீங்க. உள்விசாரணைக் குழு ஒண்ணு போடுவோம். முறையா போகட்டும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு வருஷம். போனா ஒன்றரை."

"அந்த ஆளுக்கு நுரையீரல் பாதி போச்சு. சிறை மருத்துவர் எழுதியிருக்கார், கோப்புலயே இருக்கு."

இயக்குநர் எழுந்து வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நீங்க சாட்சி சொன்ன வழக்கு எத்தனை? அத்தனையையும் வக்கீலுங்க தோண்டுவாங்க. எட்டு நாள்தாண்ணே. எட்டு நாள் பேசாம இருந்தா நல்ல பேரோட வீட்டுக்குப் போவீங்க. அதுக்கப்புறம் நாங்க மெதுவா..."

"மெதுவான்னா அந்த ஆளு செத்ததுக்கு அப்புறமா?"

இயக்குநர் நல்ல மனிதர்தான், அதனால்தான் இல்லை என்று பொய் சொல்லவில்லை.

"கடிதம் எழுத வேண்டியது விசாரிச்ச அதிகாரி. அது நான். எட்டு நாளைக்கு இன்னும் நான்தான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் மனைவியிடம் சொல்வது அதைவிடக் கடினமாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் சொன்னார். தட்டில் எதுவும் போட்டுக்கொள்ளாமலேயே சொன்னார். அம்மாள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஏதோ காணாமல் போனதைத் தேடுபவர் போல மேசையைப் பார்த்தார்.

"அன்னிக்கு நீங்க வந்தது எனக்கு ஞாபகம் இருக்குங்க. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகல. சட்டையெல்லாம் ரத்தம். பத்து விரலும் கறுப்பு, தேச்சுத் தேச்சுப் பாத்தும் போகல. நான்தான் ஊட்டிவிட்டேன்."

"ஆமா."

"உள்ளங்கை மட்டும் வெள்ளையா இருந்துச்சு." பிறகு மெல்லச் சொன்னார்: "கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைஞ்சிருக்கீங்க." சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர் கையைக் கவிழ்த்து மேசை மேல் வைத்தார். இருபத்தெட்டு வருடமாகத் தன் வீட்டிலேயே ஒரு சாட்சி இருந்திருக்கிறார், கேட்கத்தான் ஆள் இல்லை. பத்து விரலும் கறுப்பு, உள்ளங்கை வெள்ளை.

"அந்த ஆளுக்குக் குடும்பம்?" என்று கேட்டார் மனைவி.

"ஒரு தங்கச்சி. குழு கூடுறப்ப ஒவ்வொரு தடவையும் வரும்."

அந்தத் தங்கையை அவர் நன்கு அறிவார், ஒரு வார்த்தை பேசியதில்லை என்றாலும். தையல்காரி. பள்ளிச் சீருடைகள் தைப்பவர். முதல் கூட்டத்துக்கு அண்ணனுக்கென்று ஒரு வெளிர்நீலச் சட்டை தைத்து எடுத்துவந்தார், விடுதலை என்றதும் போட்டுக்கொண்டு கிளம்ப. அடுத்த கூட்டத்துக்கும் அதே சட்டை. விசாரணை அதிகாரியின் கண் சும்மா இருக்காது. பக்கத் தையல் பிரிக்கப்பட்டு உள்ளே தள்ளித் தைக்கப்பட்டிருந்ததை அது பார்த்துவிட்டது. பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. ஏழாவது கூட்டத்தில் அந்தச் சட்டை இரு பக்கமும் நான்கு விரற்கடை சுருங்கியிருந்தது. அண்ணன் இளைக்க இளைக்கத் தங்கை சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

*

கடிதம் ஒரு பக்கம்தான். பூதக்கண்ணாடி ஒப்பீட்டுப் படங்களை இணைத்தார். விவரம் சொல்லாமல் வேறு இரண்டு நிபுணர்களிடமும் காட்டி அவர்கள் கையெழுத்தையும் வாங்கிவிட்டார். உறையை ஒட்டி அரக்கு வைக்கும்போது கேட்டார்:

"சார், அந்த ஆளுக்கு இன்னிக்கே சொல்லிடலாமே? சிறைக்கு ஒரு போன் போதும்."

அவர் யோசித்தார். மிகவும் யோசித்தார் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். "வேணாம்மா. குழுவுக்கு முன்னாடி கைதிகிட்ட துறை பேசினா, நாளைக்கு எவனாவது பேரம் பேசினாங்கம்பான். ஒரு ஓட்டையும் இருக்கக் கூடாது. உறை குழு முன்னாடிதான் பிரியணும். இருபத்தெட்டு வருஷம் இருந்தவர், இன்னும் ரெண்டு நாள்தானே."

முறை என்று ஒன்று அவருடைய ரத்தத்தில் ஊறியிருந்தது. இந்த முறையாவது எல்லாம் பழுதில்லாமல் நடக்க வேண்டும் என்றுதான் நினைத்தார்.

குழு கூடும் அறை சிறையின் முன்கட்டில் இருந்தது. நீள மேசை, மூன்று உறுப்பினர்கள், ஓரத்தில் தட்டச்சு செய்யும் எழுத்தர், எதிரே தனியாக ஒரு நாற்காலி. பேசும் வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் சிறைக் கண்காணிப்பாளர் நன்னடத்தை அறிக்கை வாசிப்பார். பிறகு கைதி. பிறகு உறவினர். கடைசியில்தான் துறை, அப்போதுதான் உறை பிரியும். துறை சொல்வதைக் கேட்டுவிட்டுக் கைதி தன் பேச்சை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக யாரோ எப்போதோ யோசித்து வைத்த வரிசை அது. நல்ல யோசனைதான்.

இணை இயக்குநர் பின்வரிசையில் உட்கார்ந்தார். முன்வரிசையில் தங்கை. மடியில் துணிப்பை, அதற்குள் நீலம் தெரிந்தது. ஓட்டுநரை இரண்டு காவலர்கள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். அறுபத்து மூன்று வயது, பார்த்தால் எண்பது சொல்லலாம். உட்கார்ந்த பிறகும் மூச்சு அடங்க நேரமாயிற்று.

தலைவர் கோப்பைப் புரட்டாமலேயே கேட்டார். "இந்தத் தடவையாவது அந்த மூணாவது ஆள் யாருன்னு சொல்லப் போறீங்களா?"

பதில் அங்கிருந்த எல்லோருக்கும் மனப்பாடம். *யாருமில்லீங்க. ரெண்டே பேருதான்.* ஏழு தடவை கேட்ட பதில்.

ஓட்டுநர் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். தங்கை தலையை அசைத்தார்.

"சொல்றேங்க."

எழுத்தரின் விரல்கள் தயாராயின. இணை இயக்குநருக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை.

"எங்க தங்கச்சி வீட்டுக்காரருங்க. அவருதான் உள்ள இருந்தாரு. நான்தான் ஏத்திவிட்டேன். தங்கச்சி வாழ்க்கை கெட்டுடக் கூடாதுன்னு இத்தனை நாள் சொல்லல. போன வருஷம் அவரு தவறிட்டாரு. அதனால சொல்றேன்."

பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல, பெயரையும் சேர்த்து, எங்கும் நிறுத்தாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சொல்லி முடித்ததும் இருமினார். தங்கை தலையைக் குனிந்துகொண்டு பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். அறையில் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

இணை இயக்குநர் எழுந்து நின்றார். "ஐயா, அது பொய்."

"துறையோட முறை இன்னும் வரல" என்றார் தலைவர், கொஞ்சம் எரிச்சலோடு. "ஏழு தடவை சொல்லலைன்னீங்க. இப்ப சொன்னா பொய்ங்கறீங்க."

"இருபத்தெட்டு வருஷத்துல அவரு சொன்ன மொத பொய்யிது. எழுதறதை நிறுத்தச் சொல்லுங்க ஐயா, தயவுசெஞ்சு."

எழுத்தர் நிறுத்தினார். ஆனால் எழுத வேண்டியதை எல்லாம் எழுதி முடித்துவிட்டிருந்தார்.

தலைவர் உறையைப் பிரித்தார். படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு அதைச் சத்தமாக வாசிக்கும்படி இணை இயக்குநரிடமே கொடுத்தார். அவர் வாசித்தார். 'வேன் கதவின் உட்புறத்தில் இருந்த உள்ளங்கை ரேகை என்னுடையது. மூன்றாவது நபர் எவரும் இல்லை. இவர் முதல் நாளிலிருந்து சொன்னது உண்மை. நான் எழுதிய ஏழு கடிதங்களும் தவறு.' குரல் நடுங்கவில்லை. சாட்சிக் கூண்டில் பழகிய குரல்.

ஓட்டுநர் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனைத் தூக்கி எறக்கினது நீங்களா?"

"ஆமா."

"ஏதாவது சொன்னானா?"

"தண்ணி கேட்டார். என்கிட்ட தண்ணி இல்ல."

ஓட்டுநர் தலையை ஆட்டிக்கொண்டார், கேட்டிருப்பான் என்பது போல. பதினோரு வருடம் ஒரே வேனில் போனவர்கள். பிறகு, கோபமே இல்லாமல், வழி கேட்பவரைப் போலக் கேட்டார்:

"இதை ஒரு அரைமணி நேரம் முன்னாடி வந்து சொல்லியிருக்கக் கூடாதாங்க?"

குற்றவாளிகள், வழக்குரைஞர்கள், நீதிபதிகள் என எத்தனையோ பேர் கேட்ட எத்தனையோ கேள்விகளுக்கு உடனுக்குடன் பதில் சொன்னவர் அவர். இப்போது கையிலிருந்த கடிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"ஏழு தடவை பொய் சொல்லாம இருந்துட்டேன்" என்றார் ஓட்டுநர். "இன்னிக்கு மட்டும் முடியல."

*

விடுதலைப் பரிந்துரை பதினைந்து நிமிடத்தில் கையெழுத்தாகிவிட்டது. ஆணை வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். ஓட்டுநரை மறுபடி உள்ளே கூட்டிப்போனார்கள். அதற்கு முன் ஒரு தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள், சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் என்று.

தங்கை எழுத்தரின் மேசையருகே நின்றிருந்தார். இணை இயக்குநர் பக்கத்தில் வந்ததும் திரும்பவில்லை. மேசையில் இருந்த வாக்குமூலத் தாளையே பார்த்தபடி பேசினார்.

"நான்தாங்க சொல்லச் சொன்னேன். அவரு மாட்டேன்னாரு. ஒரு மாசமா ஒவ்வொரு தடவை மனு போட்டு ஜெயில்ல பாக்கறப்பவும் அழுதேன். செத்தவருக்கு என்ன வலிக்கப் போகுதுன்னு கேட்டேன். வெளிய வந்து ஒரு வாரமாச்சும் நம்ம வீட்ல படுத்துட்டுச் சாவுண்ணேன்னு சொன்னேன்."

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார், தங்கை உட்காரவில்லை.

"எங்க வீட்டுக்காரரு தச்சு வேலைங்க. ஒரு ஆணிகூட அடுத்தவங்களுதை எடுத்துட்டு வந்ததில்ல." விரலால் தாளைத் தொட்டார். "இவரு பேரை இதுலேருந்து எடுத்துடுவீங்கல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். எடுத்துவிடுவோம் அம்மா என்று சொல்லியிருந்தால் அந்த அம்மாள் நம்பியிருப்பார், போயிருப்பார். ஆனால் எப்படி நடக்கும் என்பதை எல்லோருக்கும் பொறுமையாக விளக்கியே பழகிவிட்டவர் அவர்.

"அழிக்கக் கூடாதும்மா. பதிவான எதையும் அழிக்கறதில்ல, கிழிக்கறதில்ல. அழிச்சா அங்க என்ன இருந்துச்சோன்னு காலத்துக்கும் சந்தேகம் வரும். அதனால குறுக்கால ஒரே ஒரு கோடு போடுவாங்க. பக்கத்துல 'திரும்பப் பெறப்பட்டது'ன்னு எழுதி, கையெழுத்து, தேதி. துறை சார்பா நான் போடணும்."

"கோட்டுக்குக் கீழ இருக்கறதைப் படிக்க முடியுமா?"

"முடியும்மா. படிக்கற மாதிரிதான் கோடு போடணும். அதுதான் விதி."

"நீங்க வச்ச விதியா?"

"நான் வைக்கல. ஆனா எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

தங்கை பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். உள்ளே மடித்திருந்த சட்டையின் பக்கத் தையலில் புதிய நூல் பளபளத்தது. இந்த முறையும் பிடித்துத் தைத்திருக்கிறார்.

"அப்ப கோட்டையாச்சும் நேரா போடுங்க" என்றார்.

எழுத்தரிடம் அளவுகோல் இல்லை. இணை இயக்குநர் பேனாவைத் திறந்தார். அந்தப் பெயர் தாளின் நடுவில், நான்காவது வரியில் இருந்தது. சன்னல் வழியே வந்த காற்றில் தாள் படபடத்தது. அது நகராமலிருக்க இடது கையின் ஓரத்தை அதன் மேல் ஊன்றிக்கொண்டு, அவர் கோட்டை இழுக்கத் தொடங்கினார்.